எமுலேட்டர் எழும்பவில்லையா? அழித்துவிட்டுத் திரும்ப இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் செயலி எழுதிப் பழகும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் லாப்டொப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கதைதான். எமுலேட்டர், அதாவது செயலியைச் சோதிக்கக் கணினிக்குள் ஓடும் மெய்நிகர் போன், ஓடவில்லை. உடனே செயலி எழுதும் மென்பொருளான அன்ட்ரொயிட் ஸ்டூடியோவை முழுதாக அழித்துவிட்டு, டொங்கிளில் திரும்ப இறக்கியிருப்பார்கள். மாத டேட்டா முடிந்திருக்கும், பிழை அப்படியே இருக்கும். ஏனென்றால் பிழை ஸ்டூடியோவில் இல்லை. பயோஸில் (விண்டோஸுக்கு முன்னே எழும்பும் கணினியின் அடிப்படை அமைப்பில்) இருக்கும், விண்டோஸின் ஒரு தெரிவில் இருக்கும், நிரம்பிய சி டிரைவில் இருக்கும், இல்லையென்றால் போன கிழமை கரண்ட் போனபோது விட்டுப்போன ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். இவை எதற்கும் ஒரு மெகாபைட்டும் செலவாகாது.

கீழே உங்கள் திரையில் தெரியும் அறிகுறியைத் தேடிப் பிடியுங்கள். ஒவ்வொன்றின் கீழும் செலவில்லாத சோதனை முதலில், காசு போகும் வேலை கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எமுலேட்டரை ஓடவிட்டுப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

## அறிகுறி 1: "விர்ச்சுவலைசேஷன் இல்லை", "அக்செலரேஷன் இல்லை" என்று சொல்கிறது

கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறவுங்கள். பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டால், வரைபடத்தின் கீழே விர்ச்சுவலைசேஷன் என்று ஒரு வரி இருக்கும். ஒரு கணினிக்குள் இன்னொன்றை வேகமாக ஓட்ட உதவும் புரொசசர் வசதி அது. எந்த வழியில் போவதென்று அந்த வரிதான் சொல்லும்.

### அங்கே "டிசேபிள்ட்" என்று இருந்தால்

பயோஸில் அணைந்து கிடக்கிறது. பயோஸுக்குள் போகக் கணினி எழும்பும்போதே ஒரு சாவியை அழுத்த வேண்டும். டெல், ஏசர், ஏசுஸ் என்றால் பொதுவாக எஃப்2; எச்பி என்றால் எஃப்10; லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2. சாவியை அழுத்தி அழுத்தியும் விண்டோஸ்தான் வருகிறது என்றால், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைத் தொடுங்கள். வரும் நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபேர்ம்வெயர் செட்டிங்ஸ் என்று போனால் பயோஸுக்குள் கொண்டுபோய் விடும்.

இன்டெல் புரொசசரில் அந்தத் தெரிவு இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னோலஜி என்றோ விடி-எக்ஸ் என்றோ இருக்கும். ஏஎம்டியில் எஸ்விஎம் மோட். பலர் ஏஎம்டி கணினியில் விர்ச்சுவலைசேஷன் என்ற சொல்லைத் தேடிக் களைத்து, இது இதில் இல்லை என்று முடிவுகட்டி விடுகிறார்கள். எஸ்விஎம் என்று தேடுங்கள், சிபியு அமைப்புகளுக்குள் இருக்கும். இயக்கி, சேமித்து வெளியே வந்து, ஒரு தடவை முழுதாக அணைத்துப் போடுங்கள். சில கணினிகளில் வெறும் ரீஸ்டார்ட் போதாது.

இதற்குமுன் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள புதிய லாப்டொப்புகளில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் இயங்கிக்கொண்டிருக்கலாம். பயோஸில் கைவைத்தால் அடுத்த தடவை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கில் அந்தச் சாவி சேமித்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

பயோஸே கடவுச்சொல் கேட்கிறதா? அலுவலகங்களில் கழித்துவிட்ட பழைய லாப்டொப்புகளில் இது சகஜம். இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பல மாடல்களில் பற்றரியைக் கழற்றினாலும் அந்தக் கடவுச்சொல் போகாது. விற்ற கடைக்கே கொண்டுபோய் எடுத்துத் தரச்சொல்லுங்கள், அது அவர்கள் செய்து தரவேண்டிய வேலை.

### இயக்கினால் வேலை செய்கிறது, கரண்ட் போய் வந்தால் திரும்ப அணைந்துவிடுகிறது

பழைய டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பற்றரி செத்துவிட்டது என்று அர்த்தம். மின்சாரம் முழுதாக நின்றதும் பயோஸ் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடுகிறது. உறுதிப்படுத்துவது சுலபம்: கணினியின் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னுக்குப் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். பிழையான திகதியால் இன்னொரு தொல்லையும் சேர்ந்து வரும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று சொல்லி, செயலியைக் கட்டியெழுப்பும் கருவியான கிரேடில் எதையுமே இறக்காது. இரண்டும் வேறு வேறு பிழை என்று நினைத்து அலைய வேண்டாம், மூலம் ஒன்றுதான்.

வேண்டியது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பற்றரி. மணிக்கூடு திருத்தும் கடையிலேயே கிடைக்கும். டெஸ்க்டொப்பில் வயரைக் கழற்றிவிட்டு நீங்களே மாற்றலாம். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கட்டும். மாற்றிய பிறகு திகதியைச் சரிசெய்து, விர்ச்சுவலைசேஷனைத் திரும்ப இயக்குங்கள். லாப்டொப் என்றால் அந்தப் பற்றரி பெரும்பாலும் வயரோடு உள்ளே ஒட்டியிருக்கும், திருத்துபவரிடம் கொடுப்பது நல்லது.

### "எனேபிள்ட்" என்று இருக்கிறது, ஆனாலும் எமுலேட்டர் மறுக்கிறது

விண்டோஸ் தேடல் பெட்டியில் "டேர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ்" என்று தட்டினால் ஒரு சின்னப் பட்டியல் திறக்கும். அதில் விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபோர்ம் என்பதற்குச் சரி போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹைப்பர்வைசர் என்பது புரொசசரின் அந்த வசதியைப் பிடித்து மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள். விண்டோஸ் ஹோமிலும் இது இருக்கிறது. மைக்ரோசொஃப்டின் மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வி முழுதாக இருப்பது புரோவில்தான், ஆனால் எமுலேட்டருக்கு அது தேவையில்லை.

இன்னும் மறுத்தால் பழைய வழிகாட்டல்களின் மிச்சத்தைத் தேடுங்கள். முன்பு எல்லா வீடியோக்களும் எமுலேட்டரை வேகமாக்கும் இன்டெலின் ஹாக்ஸ்எம் போடச் சொல்லும், ஹைப்பர்-வியை அணைக்கச் சொல்லும். ஹாக்ஸ்எம்மை மேம்படுத்துவதை இன்டெல் 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. உங்கள் கணினியில் அது கிடந்தால் நீக்கிவிடுங்கள்.

அடுத்தது வீட்டுக்கு ஒரு லாப்டொப் என்ற நிலையில் நடப்பது. தம்பி அதே கணினியில் ஃப்ரீ ஃபயர் விளையாட ஒரு விளையாட்டு எமுலேட்டர் போட்டிருப்பார். அது வேகமாக ஓடவேண்டும் என்று ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து விண்டோஸின் ஹைப்பர்வைசரை ஒரு கட்டளையால் அணைத்திருப்பார். பட்டியலில் சரி போட்டிருந்தாலும் அந்தக் கட்டளை இருக்கும்வரை வேலை செய்யாது. கொமாண்ட் ப்ரொம்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பிசிடிஎடிட் என்று மட்டும் அடியுங்கள். வரும் பட்டியலில் ஹைப்பர்வைசர்லோஞ்ச்டைப் என்ற வரியில் "ஓஃப்" என்று இருந்தால் இதுதான் காரணம். அதே கட்டளையால் "ஓட்டோ" என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். தம்பியிடமும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னேரம் அவர் திரும்ப அணைத்துவிடுவார்.

மெய்நிகர் கணினி ஓட்டும் விர்ச்சுவல்பொக்ஸின் பழைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்கும் இதே இழுபறிதான். ஒரே மதகை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறக்கப் பார்ப்பது போல, புரொசசரின் அந்த வசதியை இரண்டு மென்பொருள் நேரடியாகப் பிடிக்க முடியாது. விர்ச்சுவல்பொக்ஸின் கீழ்மூலையில் பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்வைசர் முன்னாலேயே பிடித்துவிட்டது, விர்ச்சுவல்பொக்ஸ் அதன் மேல் மெதுவாக ஓடுகிறது என்று பொருள். எமுலேட்டர்தான் முக்கியம் என்றால் அந்த ஆமையை அப்படியே விட்டுவிடுங்கள்.

உபுண்டுவில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: கேவிஎம்-ஓகே என்ற கட்டளை எல்லாம் சரி என்று சொல்லியும் எமுலேட்டர் அனுமதி இல்லை என்றால், உங்கள் பயனரைக் கேவிஎம் குழுவில் சேர்த்து, லொக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். லொக் அவுட் செய்யாமல் அந்த மாற்றம் பிடிக்காது.

### அந்த வரியே இல்லை, அல்லது புரொசசர் மிகப் பழையது

கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். விர்ச்சுவலைசேஷன் இருந்தாலும் இன்றைய எமுலேட்டருக்கு அது போதாது. நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள், உண்மையான போனில் சோதிக்கலாம்.

## அறிகுறி 2: தொடங்குகிறது, உடனே "எமுலேட்டர் புரொசஸ் நின்றுவிட்டது" என்கிறது

இந்தச் செய்தி ஒன்றையும் சொல்லாத செய்தி. நான் பார்க்கும் ஒழுங்கு இது.

முதலில் சி டிரைவ். சில ஜிபி மட்டும் மிச்சம் இருந்தால் எமுலேட்டர் எழும்பாது. ஒவ்வொரு மெய்நிகர் போனும் பல ஜிபி பிடிக்கும், உள்ளே இருக்கும் செயலிகளை நீக்கினாலும் அந்த இடம் விண்டோஸுக்குத் திரும்பி வராது. ஸ்டூடியோவின் டிவைஸ் மனேஜரில் (விண்டோஸில் இருப்பது அல்ல) பழைய மெய்நிகர் போன்களை அழியுங்கள், வைத்திருக்க வேண்டியதற்கு வைப் டேட்டா கொடுங்கள் (அதற்குள் இருக்கும் தரவு அழிந்து புதிதாகும்). எஸ்டிகே (அன்ட்ரொயிட் செயலி எழுதும் கருவித் தொகுப்பு) மனேஜரில் பாவிக்காத பழைய சிஸ்டம் இமேஜ்களையும் (மெய்நிகர் போனில் ஓடும் அன்ட்ரொயிட்டின் கோப்புகள்) நீக்குங்கள்.

அடுத்து, கரண்ட் கட் விட்டுச்சென்ற பூட்டுகள். எமுலேட்டர் ஓடும்போது தன் கோப்புறைக்குள் "லொக்" என்று முடியும் பெயரில் சில கோப்புகளை, கோப்புறைகளை வைக்கும். ஒழுங்காக மூடும்போது தானே எடுத்துவிடும். பற்றரி செத்த லாப்டொப், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப் என்றால் மின்சாரம் நின்றதும் அவை அப்படியே கிடக்கும். அடுத்த தடவை, இந்த மெய்நிகர் போன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி எமுலேட்டர் விலகிவிடும். முதலில் டாஸ்க் மனேஜரில் க்யூஇஎம்யு என்ற பெயரில் எதுவும் ஓடவில்லை என்று பாருங்கள். ஓடினால் நிறுத்துங்கள். பிறகு உங்கள் பயனர் கோப்புறைக்குள் புள்ளியோடு தொடங்கும் அன்ட்ரொயிட் கோப்புறை, அதற்குள் ஏவிடி (மெய்நிகர் போன்கள் இருக்கும் இடம்), அதற்குள் உங்கள் மெய்நிகர் போனின் கோப்புறை. அங்கே "லொக்" என்று முடிவதை மட்டும் அழியுங்கள். வேறெதையும் தொடவேண்டாம். மழைக்காலத்தில் என்னிடம் வரும் லாப்டொப்புகளில் இதுதான் அதிகம்.

மூன்றாவது, விண்டோஸ் பயனர் பெயர். பெயரைத் தமிழில் வைத்திருந்தால் கோப்புப் பாதையிலும் தமிழ் எழுத்து வரும், எமுலேட்டர் தடுமாறும். பயனர் பெயரை இனி மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. அதனால் எஸ்டிகேயையும் ஏவிடியையும் டி டிரைவில் ஆங்கில எழுத்தில் பெயரிட்ட ஒரு கோப்புறைக்கு நகர்த்தி, ஏவிடி இருக்கும் இடத்தைச் சொல்லும் சூழல் மாறியை அங்கே காட்டுங்கள். தமிழில் பெயர் வைத்தது தவறே இல்லை, கருவிதான் இன்னும் அதற்குத் தயாராகவில்லை.

நான்காவது, கிராஃபிக்ஸ் டிரைவர். டிவைஸ் மனேஜரில் அந்த மெய்நிகர் போனைத் திருத்தி, கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் சொஃப்ட்வெயர் என்று வையுங்கள். அப்போது ஓடினால் காரணம் டிரைவர்தான். விண்டோஸ் அப்டேட்டை நம்பாமல் கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடுங்கள்.

நாலும் சரி, இன்னும் நிற்கிறது என்றால் எமுலேட்டரை டெர்மினலிலிருந்து ஓடவிடுங்கள். உண்மையான காரணம் அங்கே ஒரு வரியில் விழும். யாரிடமாவது உதவி கேட்கும்போது ஸ்டூடியோவின் சிவப்புப் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பாமல் அந்த வரியை அனுப்புங்கள்.

## அறிகுறி 3: கறுப்புத் திரை, அல்லது லோகோவிலேயே நிற்கிறது

புதிதாக உருவாக்கிய மெய்நிகர் போன் முதல் தடவை எழும்ப நேரமெடுக்கும். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள். அதன் பிறகும் கறுப்பு என்றால் டிவைஸ் மனேஜரில் அதன் பக்கத்துப் புள்ளிகளைத் தொட்டு கோல்ட் பூட் கொடுங்கள். எமுலேட்டர் வழமையாக முந்தைய நிலையைச் சேமித்து, அதிலிருந்துதான் எழும்பும். சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றிருந்தால் அந்தப் பதிவு கெட்டிருக்கும். கோல்ட் பூட் அதைத் தாண்டிப் போகும். அதற்கும் சரிவராவிட்டால் கிராஃபிக்ஸை சொஃப்ட்வெயருக்கு மாற்றுங்கள், பிறகு வைப் டேட்டா. கடைசியாக அந்த மெய்நிகர் போனை அழித்துப் புதிதாக ஒன்று. சிஸ்டம் இமேஜ் கணினியில்தான் இருக்கிறது, புதிதாக உருவாக்க டேட்டா போகாது.

## அறிகுறி 4: ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

இமேஜ் எந்த வகை என்று பாருங்கள். இன்டெல், ஏஎம்டி கணினிக்கு எக்ஸ்86_64. ஆப்பிளின் எம் வரிசை மக்குக்கு ஆம்64. மாற்றிப் போட்டால் பெரும்பாலும் எழும்பவே எழும்பாது.

லாப்டொப் சார்ஜரில் இருக்கிறதா? பற்றரியில் ஓடும்போது விண்டோஸ் புரொசசரை அடக்கி வைக்கும். அப்புறம் சூடு. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ், மெத்தைமேல் வைத்து ஓடவிட்டால் எந்த லாப்டொப்பும் தன் வேகத்தைத் தானே குறைக்கும். காலையில் வேகம், மத்தியானம் மந்தம் என்றால் அது சூடுதான். விசிறித் துவாரத்தில் ஏ9 வீதிப் புழுதி அடைத்திருக்கும். வெளியே தூரிகையால் தட்டலாம். உள்ளே திறந்து துப்புரவாக்கி வெப்பப் பசை மாற்றுவது திருத்துபவரின் வேலை.

நினைவகம் 4 ஜிபி என்றால் ஸ்டூடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து ஓடாது. 8 ஜிபியில் ஓடும், ஆனால் குரோமை மூடவேண்டும், மெய்நிகர் போனுக்கு 2 ஜிபிக்கு மேல் கொடுக்க வேண்டாம். எமுலேட்டரோடு நிம்மதியாக வேலை செய்ய 16 ஜிபி. கூகிளும் குறைந்தது அவ்வளவு வேண்டும் என்றுதான் சொல்கிறது.

காசு செலவழிப்பதென்றால் எதற்கு முதலில்? இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டிக்கு. அடுத்தது ரேம். வாங்குவதற்கு முன் டாஸ்க் மனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். சில மெல்லிய லாப்டொப்புகளில் ரேம் பலகையோடு பற்றவைத்திருக்கும், கூட்டவே முடியாது. கடைக்காரரிடம் மாடல் எண்ணைக் காட்டிக் கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 5: சிஸ்டம் இமேஜ் இறங்கும்போது பாதியில் நிற்கிறது

ஒரு இமேஜ் 1 ஜிபிக்கு மேல் வரும். துணுக்காய், மல்லாவிப் பக்கம் சிக்னல் விழுந்து எழும்பும் இடங்களில் அது பாதியில் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து இறக்க வேண்டி வரலாம். எத்தனையோ பிள்ளைகள் இதிலேயே மனம் விட்டிருக்கிறார்கள். ஆனால் இறக்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை, ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் நண்பரிடம் எடுக்கலாம்.

நண்பரின் எஸ்டிகே கோப்புறைக்குள் சிஸ்டம்-இமேஜஸ் என்று ஒன்று இருக்கும். அதற்குள் பதிப்பு எண், அதற்குள் கூகிள் ஏபிஐ வகை, அதற்குள் புரொசசர் வகை. இந்த அடுக்கு மாறாமல் முழுவதையும் ஒரே ஸிப் கோப்பாக்குங்கள். பென் டிரைவ் எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபட்டாக ஃபோமட் செய்துகொள்ளுங்கள். உங்கள் எஸ்டிகேயில் அதே இடத்தில் விரித்து ஸ்டூடியோவை மூடித் திறந்தால், எஸ்டிகே மனேஜரில் அது நிறுவப்பட்டதாகவே தெரியும். எமுலேட்டர் கோப்புறையையும் இப்படியே எடுக்கலாம். ஏவிடியை மட்டும் நகல் எடுக்க வேண்டாம், அதற்குள் நண்பரின் பயனர் பெயரோடு பாதை எழுதியிருக்கும். மெய்நிகர் போனை உங்கள் கணினியிலேயே புதிதாக உருவாக்குங்கள்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பல்கலைக்கழக வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளைகள் வாரவிடுமுறையில் ஊருக்கு வரும்போது இந்த ஸிப்பை பென் டிரைவில் கொண்டுவந்தால், ஒருவர் இறக்கியது பத்துப் பேருக்கு உதவும்.

## அறிகுறி 6: செயலி ஓடுகிறது, உங்கள் சேர்வரை எட்டவில்லை

செயலிக்குள் லோக்கல்ஹோஸ்ட் அல்லது 127.0.0.1 என்று எழுதியிருப்பீர்கள். எமுலேட்டருக்குள் அது எமுலேட்டரையே குறிக்கும். உங்கள் கணினியைக் குறிக்க 10.0.2.2 என்று எழுதி, பின்னால் போர்ட் எண்ணைப் போடுங்கள். பத்தில் ஒன்பது தடவை இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால்: அன்ட்ரொயிட் 9 முதல், பூட்டில்லாத எச்டிடிபி தொடர்பை அன்ட்ரொயிட் வழமையாகத் தடுக்கிறது. செயலியின் மனிஃபெஸ்ட் கோப்பில் கிளியர்டெக்ஸ்ட் டிராஃபிக்கை (அந்தப் பூட்டில்லாத தொடர்பை) அனுமதியுங்கள், சோதனைக்கான டிபக் பதிப்புக்கு மட்டும். ஜாங்கோ சேர்வர் 400 என்று பதில் தந்தால் அனுமதித்த ஹோஸ்ட் பட்டியலில் 10.0.2.2ஐச் சேருங்கள்.

எமுலேட்டருக்குள் இணையமே இல்லையென்றால், டொங்கிளிலிருந்து வைஃபைக்கு மாறிய பிறகு எமுலேட்டர் பழைய டிஎன்எஸ்ஸையே பிடித்துக்கொண்டிருக்கும். மூடிவிட்டு கோல்ட் பூட் கொடுங்கள்.

## அறிகுறி 7: எமுலேட்டர் ஓடுகிறது, ஸ்டூடியோவுக்குத் தெரியவில்லை

ஸ்டூடியோ போனோடு பேசும் கருவி ஏடிபி. ஏடிபி டிவைசஸ் என்ற கட்டளையில் "ஓஃப்லைன்" என்று வந்தால் ஏடிபி சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 5037 போர்ட்டை வேறொன்று பிடித்திருக்கும். பெரும்பாலும் அந்த விளையாட்டு எமுலேட்டர் தன்னோடு கொண்டுவந்த இன்னொரு ஏடிபி. அதை மூடுங்கள்.

செயலி ஏற மறுத்து, புரொசசர் வகை பொருந்தவில்லை என்று சொன்னால், உங்கள் நூலகங்களில் ஒன்று ஆம் புரொசசருக்கு மட்டும் செய்தது. அன்ட்ரொயிட் 11 எக்ஸ்86 இமேஜில் ஓடவிட்டுப் பாருங்கள், அது ஆம் கட்டளைகளை மொழிபெயர்த்து ஓட்டும்.

## அறிகுறி 8: வரைபடம் கலிபோர்னியாவைக் காட்டுகிறது

இது பிழையே இல்லை. எமுலேட்டரின் இயல்பு இடம் கூகிள் தலைமையகம் இருக்கும் மவுண்டன் வியூ. பக்கப் பட்டையின் மூன்று புள்ளிகளைத் தொட்டு லொகேஷனில் கிளிநொச்சியைத் தேடி வையுங்கள். அகலக்கோடு ஏறக்குறைய 9.39, நெடுங்கோடு 80.40. ஜியோ ஃபிக்ஸ் கட்டளையால் கொடுப்பவர்கள் நெடுங்கோட்டை முதலில் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் உங்கள் வயல் நோர்வேக்கு வடக்கே கடலுக்குள் போய் விழும்.

## எங்கே நிறுத்துவது, போனுக்கு எப்படி மாறுவது

பயோஸ் கடவுச்சொல், லாப்டொப்பின் உள்பற்றரி, சூட்டில் தானே அணையும் கணினி, எமுலேட்டர் ஓடும் ஒவ்வொரு தடவையும் நீலத் திரை. இந்த நாலில் ஒன்று என்றால் திருத்துபவரிடம் போங்கள், கடவுச்சொல் என்றால் விற்ற கடைக்கு. நீலத் திரையில் வரும் பிழைப் பெயரைப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். விண்டோஸை முழுதாக அழித்துப் போடுவோம் என்று அவர் தொடங்கினால், முதலில் ரேமைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கணினி திரும்பி வரும்வரை வேலையை நிறுத்தாதீர்கள். அன்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸ், அபௌட் போன் போய் பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டிபகிங்கை இயக்கி, போனைக் கேபிளால் இணைத்து, போனில் வரும் கேள்விக்குச் சம்மதம் கொடுங்கள். போன் கணினியில் தெரியவே இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். மலிவுக் கேபிள்கள் பல சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவு கடத்தாது. அன்ட்ரொயிட் 11 அல்லது அதற்கு மேல் என்றால் வயர்லெஸ் டிபகிங்கும் இருக்கிறது. போன் திரையைக் கணினியில் பார்க்க எஸ்சிஆர்சிபிஒய் என்ற இலவசக் கருவி போதும். 4 ஜிபி லாப்டொப்பிலும் இது தாராளமாக ஓடும்.